கோப்புப் பாதையும் ஒழுங்குக் கோவையும்

கணிப்பொறியில் நாம் எழுதிச் சேமித்து வைக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முகவரி உண்டு. அம்முகவரியைப் பாதை என்பர். ஊரின் பெயரை முதலிலும், தந்தையின் பெயரை அடுத்தும், தம் பெயரை இறுதியிலும் வைத்து எழுதிய நம் முன்னோரின் வழக்கத்தைப் போலவே, கோப்பின் பாதையும் பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடியும். பள்ளி என்னும் அடைவுக்குள் வரலாறு என்னும் அடைவு, அதனுள் சோழர் என்னும் அடைவு, அதனுள் தேர்வு.உரை என்னும் கோப்பு. இவ்வளவையும் /பள்ளி/வரலாறு/சோழர்/தேர்வு.உரை என ஒரே தொடராக எழுதுவர். இடையிடையே நிற்கும் ஒவ்வொரு சாய்கோடும் ஒரு படி கீழே இறங்கியதைக் காட்டும்.

இத்தொடரிலிருந்து கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துத் தருமாறு ஒரு மாணவனிடம் சொன்னால், அவன் ஒரு நொடியில் ‘தேர்வு.உரை’ என்று சொல்லிவிடுவான். ஆனால் பாதைகள் பத்தல்ல, பதினாயிரம் என்றால் என் செய்வது? வேலையை இயந்திரத்திடமே ஒப்படைக்க வேண்டும். இயந்திரத்துக்கோ கண் இல்லை. அது எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடவிப் பார்க்குமே தவிர, முழுச் சொல்லையும் ஒருசேரக் காணாது. அத்தகைய இயந்திரத்துக்கு நம் விருப்பத்தை ஆறே குறிகளில் எழுதிக் கொடுக்கலாம்:

[^/]*$

கரும்பலகை இல்லாத குறையை நினைத்து, இதனை வாயாலும் சொல்லிவிடுகிறேன். சதுர அடைப்புக்குள் ஒரு கூரைக் குறியும் ஒரு சாய்கோடும் நிற்கின்றன. ‘சாய்கோடு அல்லாத ஏதேனும் ஓர் எழுத்து’ என்பது அதன் பொருள். அடைப்பை அடுத்து நிற்கும் உடுக்குறி, ‘அத்தகைய எழுத்து எத்தனை முறை வந்தாலும் சரி, வாராது போயினும் சரி’ என்கிறது. இறுதியில் உள்ள டாலர் குறி, ‘இத்துடன் தொடர் முடிந்துவிட வேண்டும்’ என்று எல்லை கட்டுகிறது. ஆக, தொடரின் முடிவை ஒட்டி நிற்பதும், தன்னுள் சாய்கோடு இல்லாததுமான பகுதி எதுவோ அதனைத் தருக என்று ஆயிற்று. கோப்பின் பெயர் அதுதான் அன்றோ?

இவ்வாறு எழுதப்படும் சூத்திரத்தை ஆங்கிலத்தில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்பர். இயற்கணிதத்தில் எக்ஸ்பிரஷனைக் கோவை என்று படித்திருக்கிறீர்கள். ஆதலால் இதனை ஒழுங்குக் கோவை என்று சொல்வோம். இன்று நிரல் எழுதக் கற்கும் மாணவர் பலர் இதனை ஒரு மந்திரம் போல் எங்கிருந்தோ படியெடுத்துக்கொள்கின்றனர். வேலை நடந்துவிடுகிறது, ஏன் நடந்தது என்று கேட்பதில்லை. இந்த உடுக்குறிக்குள்ளே ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. அது கணிப்பொறிக் கூடத்தில் தொடங்கவில்லை; மனித மூளையைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியில் தொடங்கியது.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாரன் மக்கல்லக் என்னும் நரம்பியல் அறிஞரும், வால்டர் பிட்ஸ் என்னும் இளைஞரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். மக்கல்லக் நாற்பத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்தவர். பிட்ஸ் இருபது வயதினர். மூளையிலுள்ள நரம்பணுவை அவர்கள் மிக எளிய பொருளாகக் கருதிக்கொண்டனர். ஒரு நரம்பணு ஒரு கணத்தில் ஒன்று துடிக்கும், அன்றேல் துடிக்காது. இடைப்பட்ட நிலை இல்லை. துடித்தலை மெய் என்றும் துடியாமையைப் பொய் என்றும் வைத்துக்கொண்டால், நரம்பணுக்களின் வலை தருக்க நூலார் எழுதும் வாக்கியங்களைப் போலவே இயங்கும் என்று அவர்கள் காட்டினர். உண்மையான மூளை இவ்வளவு எளிதன்று என்பதைப் பின்வந்தோர் கண்டனர். எனினும் அந்த எளிய வலை, தானே ஒரு தனி ஆராய்ச்சிப் பொருளாக நிலைத்துவிட்டது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1951ஆம் ஆண்டுக் கோடையில், அக்கட்டுரை ஸ்டீபன் கோல் கிளேனி என்னும் கணித அறிஞரின் கைக்கு வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச் என்னும் பெரிய தருக்க அறிஞரிடம் பயின்றவர். அக்கோடையில் கலிபோர்னியாவிலுள்ள ராண்ட் நிறுவனத்தில் தங்கியிருந்தபோது, இந்த நரம்பு வலைகளைப் பற்றி ஒரு கேள்வியை எழுப்பினார். ஒரு வலையில் உள்ள அணுக்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஆதலின் அதன் நினைவும் ஓர் அளவுக்கு உட்பட்டது. அத்தகைய வலை, தனக்கு வந்து சேரும் தூண்டுதல்களின் வரிசைகளில் எவ்வெவற்றை இனங்கண்டு கொள்ளும்? எவ்வெவற்றை இனங்காண இயலாது?

அவர் கண்ட விடை வியக்கத்தக்கது. மூன்றே மூன்று செயல்கள் போதும் என்றார். ஒன்றை அடுத்து இன்னொன்று வருதல். இதுவாவது அதுவாவது வருதல். ஒன்றே திரும்பத் திரும்ப எத்தனை முறையேனும் வருதல். இம்மூன்றையும் கொண்டு எழுதக்கூடிய வரிசைகள் எவையோ, அவற்றையே அந்த வலைகள் இனங்காணும். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. மூன்றாவதான திரும்ப வருதலைக் குறிக்க அவர் இட்ட குறிதான் உடுக்குறி. இன்றளவும் அதனைக் கிளேனியின் உடு என்றே கணித நூல்கள் வழங்குகின்றன.

இத்தகைய வரிசைகளுக்கு அவர் ‘ஒழுங்கான நிகழ்வுகள்’ என்று பெயரிட்டார். அப்பெயர் அவருக்கே முழு நிறைவு தரவில்லை. இதனினும் பொருள் விளங்கும் பெயரை யாரேனும் சொன்னால் ஏற்பதாகக் கட்டுரையிலேயே குறித்துவைத்தார். ஒருவரும் சொல்லவில்லை போலும்! ‘ரெகுலர்’ என்னும் சொல் நிலைத்துவிட்டது. கட்டுரை முதலில் ராண்ட் நிறுவனத்தின் அறிக்கையாக 1951ஆம் ஆண்டு இறுதியில் வந்தது. 1956ஆம் ஆண்டில் கிளாட் ஷானனும் ஜான் மெக்கார்த்தியும் தொகுத்த தன்னியங்கிகள் பற்றிய நூலில் இடம்பெற்ற பின்னரே பலரும் அதனை அறிந்தனர்.

தமிழ் யாப்பைக் கற்ற மாணவர்க்கு இக்கருத்து புதிதாகத் தோன்றாது. வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பது விதி. இனி எழுதப்படப்போகும் வெண்பாக்களை எண்ணி முடியாது. விதியோ ஒரு வரியில் அடங்குகிறது. முடிவில்லாத சொற்றொடர்களை முடிவுள்ள ஒரு விதியால் வரையறுப்பது, அந்த விதியும் ‘இறுதியில் இது வேண்டும்’ என்று எல்லை கட்டுவது ஆகிய இரண்டையும் அங்கே காணலாம். நம் ஆறு குறிகளில் உள்ள டாலர் குறி செய்வதும் ஈற்றுச் சீரைப் பார்க்கும் வேலையே. யாப்பு இலக்கணத்திலிருந்து கிளேனியின் கோவை வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது வரலாறு ஆகாது. விளங்கிக்கொள்வதற்கு ஓர் உவமை, அவ்வளவே.

கிளேனியின் கோவைக்கு ஓர் எல்லையும் உண்டு. ஒரு தொடரில் எத்தனை அடைப்புகள் திறக்கப்பட்டனவோ அத்தனையும் முறைப்படி மூடப்பட்டுள்ளனவா என்று அதனால் பொதுவாகச் சரிபார்க்க இயலாது. அதற்கு எண்ணி நினைவில் வைக்க வேண்டும். எண்ணிக்கை எவ்வளவு பெரிதாகும் என்று முன்கூட்டித் தெரியாது. அளவுக்கு உட்பட்ட நினைவு அதற்குப் போதாது. கோப்புப் பாதையைப் பிரிப்பதற்கோ அத்தகைய நினைவு வேண்டியதில்லை. கடைசியாகச் சாய்கோடு வந்த பின் என்னென்ன வந்தது என்று தெரிந்தால் போதும். ஆகவே பாதை என்பது ஒழுங்குக் கோவைக்கு மிக ஏற்ற பொருள்.

அப்பாதை என்னும் பொருள் எப்போது தோன்றியது? தொடக்ககாலக் கணிப்பொறிகளில் பாதை என ஒன்று இல்லை. கோப்புக்கு ஒரு தனிப் பெயரே உண்டு. 1965ஆம் ஆண்டில் மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்துக்காக டேலி, நியூமன் என்னும் இருவர் கோப்புகளை மர வடிவில் அடுக்கும் முறையை விரித்து எழுதினர். ஓர் அடிமரம், அதில் கிளைகள், கிளைகளில் கிளைகள், நுனியில் கோப்புகள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், பெல் ஆய்வகம், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ஆகிய மூன்றும் கூடி நடத்திய அத்திட்டத்தில், ஒரு கிளைக்கும் அடுத்த கிளைக்கும் நடுவே கணிதத்தில் ‘பெரிது’ என்பதற்கு வழங்கும் > என்னும் குறியை இட்டனர். 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வகம் அத்திட்டத்திலிருந்து விலகியது. விலகிவந்தோருள் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்னும் இருவர் யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைச் சிறிய அளவில் தொடங்கினர். பிடிபி-7 என்னும் சிறு இயந்திரத்தில் ஓடிய முதல் யுனிக்ஸில் பாதை எழுதும் வசதி இல்லை. அடுத்துப் பிடிபி-11 இயந்திரத்துக்கு மாறியபின் சாய்கோட்டால் பிரித்த பாதை வந்தது. மல்டிக்ஸின் > குறியோ யுனிக்ஸில் வேறு பணிக்குப் போயிற்று. ஒரு நிரலின் வெளியீட்டை ஒரு கோப்புக்குள் திருப்பிவிட அதனைப் பயன்படுத்தினர்.

யுனிக்ஸ் வழியில் ஒரு கோப்பின் பெயருக்குள் சாய்கோடும், சுழி மதிப்புள்ள எழுத்தும் ஆகிய இரண்டு மட்டுமே வரக்கூடாது. வேறு எதுவும் வரலாம். இந்த விதி சிறியதெனினும் நமக்கு மிக முக்கியமானது. ‘சாய்கோடு அல்லாத எழுத்து’ என்று நாம் எழுதியதன் வலிமை முழுவதும் இந்த விதியில் இருக்கிறது. பெயருக்குள் சாய்கோடு வரக்கூடும் என்றிருந்தால் நம் கோவை பொய்த்துப்போகும்.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் டாஸ் முறைமையில் கதை வேறு. 1981ஆம் ஆண்டில் வந்த முதற் பதிப்பில் அடைவுகளே இல்லை. 1983ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பில் அடைவுகளைச் சேர்க்க முற்பட்டபோது, சாய்கோடு ஏற்கெனவே கட்டளைகளின் விருப்பக் குறியாகப் புழங்கிக்கொண்டிருந்தது. ஆதலின் இடப்பக்கம் சாய்ந்த பின்சாய்கோட்டை எடுத்துக்கொண்டனர். இதனால் பின்வந்தோர் பட்ட பாடு கொஞ்சமன்று. ஏனெனில் ஒழுங்குக் கோவையில் பின்சாய்கோட்டுக்கு வேறொரு கடமை உண்டு. அடுத்து வரும் குறியின் சிறப்புப் பொருளை நீக்கி, அதனை வெறும் எழுத்தாகக் கொள்க என்று அது சொல்லும். ஆகவே உண்மையான ஒரு பின்சாய்கோட்டைத் தேட இரண்டு பின்சாய்கோடுகள் எழுத வேண்டும். ஜாவா போன்ற மொழிகளில் மேற்கோளுக்குள் எழுதும்போது அந்த இரண்டும் நான்காகப் பெருகும். தொடக்கத்தில் செய்துகொண்ட ஒரு சிறு வசதி நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மாணவர் தலையில் சுமையாக நிற்கிறது.

இனி, நரம்பு வலையிலிருந்து வந்த கோவையும் மரத்திலிருந்து வந்த பாதையும் சந்தித்த இடத்துக்கு வருவோம். யுனிக்ஸுக்கு முன்பே, பெர்க்லியில் பட்லர் லாம்சன், பீட்டர் டாய்ச் ஆகியோர் எழுதிய க்யூஇடி என்னும் எடிட்டரைக் கென் தாம்சன் அறிந்திருந்தார். அதனை வேறோர் இயந்திரத்துக்காகப் புதிதாக எழுதும்போது, சொல்லைத் தேடும் பகுதியில் கிளேனியின் கோவையைப் புகுத்தினார். அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை 1968ஆம் ஆண்டு ஜூன் மாதம் நான்கு பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். அதுவரை கணித நூலில் உறங்கிக் கிடந்த கோவை, அன்றுமுதல் தட்டச்சுப் பலகைக்கு வந்துவிட்டது.

அம்முறையின் அழகைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கோவையை ஒரு நகரத்தின் வீதிப்படமாக எண்ணுங்கள். சில சந்திகளில் வழி இரண்டாகப் பிரியும்; உடுக்குறி உள்ள இடத்தில் வீதி வளைந்து தொடங்கிய இடத்துக்கே வரும். தொடரில் ஓர் எழுத்தைப் படித்தவுடன், எந்தெந்தச் சந்தியில் நிற்கக்கூடுமோ அந்தந்தச் சந்தியிலெல்லாம் ஒவ்வோர் ஆளை நிறுத்துகிறார் தாம்சன். அடுத்த எழுத்தைப் படித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓர் அடி நகர்கின்றனர். வழியில்லாதவர் விலகுகின்றனர், ஒரே சந்திக்கு இருவர் வந்தால் ஒருவர் போதும். ஒருவரும் திரும்பி நடப்பதில்லை. படித்த எழுத்தை மீண்டும் படிப்பதும் இல்லை. இவ்வாறு பல நிலைகளில் ஒருங்கே இருக்கவல்ல தன்னியங்கியை 1959ஆம் ஆண்டிலேயே ரேபின், ஸ்காட் என்னும் அறிஞர்கள் வகுத்திருந்தனர். தொடர் எவ்வளவு நீண்டாலும் வேலையும் அந்த அளவிலேயே வளரும். தொடர் இருமடங்கானால் வேலையும் இருமடங்கு, அதற்கு மேல் போகாது.

1973ஆம் ஆண்டில் தாம்சன் கிரெப் என்னும் தனிக் கருவியை உண்டாக்கினார். அதன் தோற்றத்தைப் பற்றிப் பெல் ஆய்வகத்தவரான பிரையன் கெர்னிகன் சொல்லும் செய்தி வரலாற்று மாணவர்க்குச் சுவை தருவது. அமெரிக்க அரசமைப்பை ஆதரித்து 1787, 1788ஆம் ஆண்டுகளில் புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகள் ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகள் எனப்படும். ஹாமில்டன், மேடிசன், ஜே என்னும் மூவர் எழுதியவை; ஆனால் சிலவற்றை எழுதியவர் இன்னார் என்பதில் நெடுங்காலம் வழக்கு இருந்தது. லீ மக்மேஹன் என்னும் ஆய்வாளர் சொற்களைத் தேடி அவ்வழக்கை ஆராய விரும்பினார். கட்டுரைகள் முழுவதும் அன்றைய எடிட்டரின் நினைவகத்தில் அடங்கவில்லை. தாம்சன் எடிட்டரிலிருந்து தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் தனிக் கருவியாக ஒரே இரவில் ஆக்கித் தந்தார். எங்கும் தேடு, இந்தக் கோவையை, அச்சிடு என்னும் எடிட்டர்க் கட்டளையின் எழுத்துகளே கிரெப் என்று ஒரு சொல்லாயின.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கிளேனியின் கேள்விக்கு விடை ஆம் அல்லது இல்லை என்பதே. இந்தத் தொடர் இந்த வகையைச் சேர்ந்ததா? ஆம். அவ்வளவில் கணிதம் நிறைவுற்றது. கிரெப் கருவியும் பெரும்பாலும் அதே கேள்வியைத்தான் ஒவ்வொரு வரியிடமும் கேட்கிறது. ஆனால் பாதையிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்தெடுக்க முனைகிறவனுடைய கேள்வி அதுவன்று. ‘பொருந்துகிறது என்பது தெரியும், எந்தப் பகுதி எதனோடு பொருந்தியது?’ என்று அவன் கேட்கிறான். இது கணித அறிஞனுடைய கேள்வியன்று, கைவினைஞனுடைய கேள்வி. ஒழுங்குக் கோவையின் பிற்கால வரலாற்றில் நேர்ந்த நன்மையும் தீமையும் பெரும்பாலும் இந்த இரண்டாம் கேள்வியிலிருந்தே பிறந்தன என்பது என் கருத்து.

‘எந்தப் பகுதி?’ என்று கேட்டவுடன் ஒரு தெளிவின்மை எழுகிறது. .*/ என்று எழுதுவோம். புள்ளி எந்த எழுத்தையும் குறிக்கும். உடு எத்தனை முறையேனும் என்று சொல்லும். பின்னர் ஒரு சாய்கோடு. /பள்ளி/வரலாறு/சோழர்/தேர்வு.உரை என்பதில் நான்கு சாய்கோடுகள் உள்ளன. இந்தக் கோவை நான்கில் எந்தச் சாய்கோட்டில் நிற்கும்? கணிதத்துக்கு எல்லாம் ஒன்றே. எடிட்டர் எழுதியவர்களுக்கோ ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இடப்பக்கம் முதலில் தொடங்குவதையும், அவற்றுள்ளே மிக நீண்டதையும் எடுத்துக்கொள்வது என்று விதித்தனர். இதனைப் பேராசை விதி என்று வேடிக்கையாகச் சொல்வர். அப்பேராசையால் நமக்கு நன்மையே விளைகிறது: கோவை கடைசிச் சாய்கோடு வரை விழுங்கிவிடும், விழுங்கியதை நீக்கினால் எஞ்சுவது கோப்பின் பெயர். அடைவின் பாதை வேண்டுமாயின் விழுங்கியதையே எடுத்துக்கொள்ளலாம். மிகக் குறைந்த அளவே எடுக்கும் உடுவும் 1994ஆம் ஆண்டில் வந்த பெர்ல் ஐந்தாம் பதிப்பில் இடம்பெற்றது. உடுக்குறியை அடுத்து ஒரு வினாக்குறி இட்டால் முதற் சாய்கோட்டிலேயே நின்றுவிடும்.

விதியை மறந்தவர் தவறான விடையைப் பெறுவர். இயந்திரம் அதனைச் சுட்டிக்காட்டாது. கோப்பின் பின்னொட்டை, அதாவது ‘உரை’ என்னும் பகுதியை எடுக்க, ‘புள்ளியிலிருந்து இறுதி வரை’ என்று ஒருவர் எழுதினார் என்க. தேர்வு.உரை என்பதற்குச் சரியாகவே வரும். /பள்ளி/பதிப்பு.2/குறிப்பு என்னும் பாதையைக் கொடுத்தால் ‘.2/குறிப்பு’ என்று வரும். அது பின்னொட்டும் அன்று, பெயரும் அன்று. புள்ளிக்குப் பின் புள்ளியும் சாய்கோடும் வரலாகாது என்று இரண்டையும் விலக்கி எழுதியிருக்க வேண்டும். அதுபோலவே /பள்ளி/வரலாறு/ எனச் சாய்கோட்டில் முடியும் பாதையைக் கொடுத்தால் நம் ஆறு குறிகள் வெறுமையைத் தரும். ஏனெனில் கடைசிச் சாய்கோட்டின் பின் எழுத்து ஒன்றும் இல்லை, ‘வாராது போயினும் சரி’ என்று உடுக்குறி இசைந்துவிட்டது. இதற்கென்றே யுனிக்ஸில் பேஸ்நேம் என்னும் சிறு கட்டளை உண்டு. அது முடிவிலுள்ள சாய்கோட்டை நீக்கிவிட்டு ‘வரலாறு’ என்று தரும். ஆயத்தமாக ஒரு கருவி இருக்கும்போது கோவையை எழுதிக் காட்டுவது பயிற்சிக்கு நன்று. அலுவலுக்குக் கருவியே நன்று.

தமிழில் பெயர் வைப்போர்க்கு இன்னொரு செய்தி. யூனிகோட் முறையில் ‘ளி’ என்பது ளகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்னும் புள்ளி பல கருவிகளில் அதில் பாதியைத்தான் எடுக்கும். சாய்கோட்டை எல்லையாகக் கொண்டு வெட்டும்வரை இதனால் கேடு இல்லை. எழுத்தை எண்ணி வெட்டப் புகுந்தால் மெய்யும் உயிரும் பிரிந்துபோகும்.

பகுதியைப் பிரித்து நினைவில் வைக்கும் தேவைக்காகக் கோவைக்குள் பிறை அடைப்புகள் வந்தன. அடைப்புக்குள் பொருந்தியதை எடுத்துவைத்துக்கொண்டு, பின்னர் அதே சொல் மீண்டும் வருகிறதா என்று கோவைக்குள்ளேயே கேட்கவும் வசதி செய்தனர். இந்தக் கடைசி வசதி கிளேனி வரைந்த எல்லையைத் தாண்டியது. தாம்சனின் ஆட்கள் அணிவகுத்து நடந்து அதற்கு விடை காண முடியாது. ஆகவே பலர் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். பல ஆட்களுக்கு மாறாக ஒரே ஆள். அவன் சந்திக்கு வந்தால் ஒரு வழியைத் தேர்ந்து நடப்பான். முட்டுச்சந்தாயின் திரும்பிவந்து மற்ற வழியில் போவான். 1986ஆம் ஆண்டில் டொராண்டோவிலிருந்து ஹென்றி ஸ்பென்சர் எழுதி எல்லார்க்கும் வழங்கிய நிரற்பகுதி இவ்வழியைச் சேர்ந்தது. லாரி வால் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட பெர்ல் மொழி விரைவில் அதனைத் தழுவியது. பெர்லைப் பார்த்துப் பைதான், ஜாவா முதலிய மொழிகளும் அவ்வழியே சென்றன.

ஒற்றை ஆளின் வழி எளியது, வசதிகள் பல கொண்டது. பெரும்பாலும் விரைவாகவும் முடியும். ஆனால் சந்திகள் பெருகினால் அவன் திரும்பி நடக்கும் தூரம் மளமளவென ஏறும். சதுரங்கக் கட்டந்தோறும் நெல்லை இரட்டித்துக் கேட்ட புலவரின் கதை உங்களுக்குத் தெரியும். அதே கணக்கு இங்கும் நேரலாம். ரஸ் காக்ஸ் என்பவர் 2007ஆம் ஆண்டில் இதனைச் சோதித்துக் காட்டினார். இதற்கென்றே வகுத்த ஒரு கோவையை 29 எழுத்துகள் கொண்ட தொடரோடு பொருத்த, பெர்ல் அறுபது நொடிகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. தாம்சனின் பழைய முறைக்கு ஒரு நொடியை இலட்சம் கூறாக்கி அதில் இரண்டு கூறே தேவைப்பட்டது.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தி என்று எண்ணவேண்டா. 2016ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள், நிரலாளர்கள் வினா விடுக்கும் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ என்னும் தளம் 34 நிமிடங்கள் செயலற்றுப் போயிற்று. காரணம் ஒரு சிறு கோவை. வரியின் தொடக்கத்திலும் இறுதியிலும் உள்ள வெற்றிடங்களை நீக்குவதே அதன் வேலை. யாரோ ஒருவர் இட்ட பதிவில் ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து வந்தன. ஆனால் அவற்றின் பின் வேறோர் எழுத்து இருந்தது. ஒற்றை ஆள் முதல் வெற்றிடத்தில் தொடங்கி 20,000 அடி நடந்தான், ‘இறுதி’ கிட்டவில்லை, திரும்பினான். இரண்டாம் வெற்றிடத்தில் தொடங்கி 19,999 அடி. பின்னர் 19,998 அடி. ஒன்று முதல் இருபதாயிரம் வரை கூட்டினால் எவ்வளவு என்று உயர்நிலைப் பள்ளிக் கணக்கால் சொல்லிவிடலாம். ஏறத்தாழ இருபது கோடி. தளத்தின் முகப்புப் பக்கம் திறக்கப்படும் போதெல்லாம் இயந்திரம் அத்தனை அடியும் நடந்து ஓய்ந்துபோயிற்று. பின்னர் அவர்கள் கோவையை எடுத்துவிட்டு, எழுத்துகளை எண்ணி வெட்டும் எளிய கட்டளையை வைத்துக்கொண்டனர்.

மாணவர்களே, நாம் முதலில் எழுதிய ஆறு குறிகளை மீண்டும் பாருங்கள். ‘இன்ன வகை எழுத்துகள் எத்தனை ஆயினும், அதன்பின் இறுதி’ என்னும் அதே வடிவம் அதிலும் இருக்கிறது. ஒற்றை ஆள் ‘பள்ளி’யின் முதல் எழுத்தில் தொடங்கி அடுத்த சாய்கோடு வரை நடப்பான், இறுதி அன்று என்று கண்டு திரும்புவான், இரண்டாம் எழுத்திலிருந்து மீண்டும் தொடங்குவான். அடைவுகளின் பெயர்கள் குறுகியவையாதலால் இந்த வீண் நடை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அயலார் கொடுக்கும், நீளம் தெரியாத தொடரில் அதனை ஏவும்போதுதான் தீங்கு வரும். தொடக்கத்திலிருந்து கடைசிச் சாய்கோடு வரை நீக்குக என்று, ^.*/ என எழுதினால் அந்த ஆளே ஒருமுறை இறுதிவரை சென்று, பின்னோக்கி வரும்போது முதலில் எதிர்ப்படும் சாய்கோட்டில் நின்றுவிடுவான். முதலிலுள்ள கூரைக் குறி, தொடக்கத்தைத் தவிர வேறெங்கும் தொடங்காதே என்று அவனைக் கட்டிவைக்கிறது. விடை இரண்டிலும் ஒன்றே. நடக்கும் தூரம் வேறு. அடைப்புக்குள் ‘அல்லாத’ என்றும், அடைப்புக்கு வெளியே ‘தொடக்கம்’ என்றும் அதே கூரைக் குறி இருபொருள் படுவதையும் குறித்துக்கொள்ளுங்கள்; புதிதாகக் கற்போர் பெரிதும் இடறுவது இங்கேதான்.

2019ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் இதனினும் பெரிய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. உலகெங்கும் எண்ணற்ற இணையத்தளங்களுக்குக் காவலாக நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம், தீய வரவுகளைத் தடுப்பதற்கான புதிய விதி ஒன்றைத் தன் கணிப்பொறிகள் அனைத்திலும் ஒரே நேரத்தில் ஏற்றியது. அவ்விதிக்குள் இருந்த கோவையில் புள்ளியும் உடுவும் சேர்ந்த சேர்க்கை அடுத்தடுத்து வந்தது. எது எவ்வளவு விழுங்குவது என்று பல வழிகளில் பங்கிடலாம். ஒற்றை ஆள் எல்லாப் பங்கீடுகளையும் முயன்று பார்த்தான். கணிப்பொறிகளின் ஆற்றல் முழுவதும் அதிலேயே செலவாயிற்று. ஏறத்தாழ 27 நிமிடங்கள் அந்நிறுவனத்தை நம்பியிருந்த தளங்கள் திறக்கவில்லை. நிறுவனத்தார் நிகழ்ந்ததை மறைக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டனர். பிழை செய்த கோவையையும் அதில் பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டினர். மாற்றாக ஆர்இ2, ரஸ்ட் மொழியின் கோவைப் பொறி ஆகிய இரண்டில் ஒன்றுக்கு மாறுவதாகவும் அறிவித்தனர். ஆர்இ2 என்பது மேற்சொன்ன ரஸ் காக்ஸ் கூகுள் நிறுவனத்தில் எழுதி 2010ஆம் ஆண்டில் வெளியிட்டது. முன் பொருந்திய சொல் மீண்டும் வருகிறதா என்று கேட்கும் வசதி இரண்டிலும் கிடையாது. பொருந்திய பகுதியை அடைப்பிட்டுப் பிரித்தெடுக்கும் வசதியோ இரண்டிலும் உண்டு. பல ஆட்களை ஒருங்கே நடத்திக்கொண்டே அதனைச் செய்யலாம் என்று பெல் ஆய்வகத்து ராப் பைக் தம் ‘சாம்’ எடிட்டரில் 1980களிலேயே செய்து காட்டியிருந்தார். ஆர்இ2, ரஸ்ட் இரண்டும் உள்ளே 1968ஆம் ஆண்டுக் கட்டுரையின் வழியில் இயங்குகின்றன.